குருபூசை நெல்

விபவ வருஷம், புரட்டாசி 3

மருதங்கோட்டம் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் சேறு. வண்டியில் உட்கார்ந்ததைவிட இறங்கி நடந்ததுதான் அதிகம்.

திருவிளமங்கை மடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஏடும் உரையுமாக இருந்தவன் நான். சித்தாந்த பாடம் கேட்க மதுரையிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வருவார்கள். மடத்தை ஆளும் பண்டாரசந்நிதி போன வாரம் கூப்பிட்டனுப்பினார். "சிற்றம்பலம், மருதங்கோட்டத்து நிலத்தைத் தில்லைநாயகம் ஒத்தை ஆளா நடத்திக்கிட்டிருக்கார். நீர் போய்க் கூட இரும். பார்த்துக்கொள்ளும்" என்றார். நிலத்தைப் பார்த்துக்கொள்வதா, தில்லைநாயகரைப் பார்த்துக்கொள்வதா என்று நான் கேட்கவில்லை. சந்நிதானத்தின் வாக்குக்கு மறுவாக்கு இல்லை.

வருகிற மார்கழியில் குருபூசை. அதையொட்டி மடத்துக்கு இளையபட்டம் கட்டுவார்கள் என்று பேச்சு. அடுத்த தலைவர் யார் என்பது அன்று தெரிந்துவிடும். பாடசாலையில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

புரட்டாசி 4

தில்லைநாயகத் தம்பிரானைக் காலையில்தான் பார்த்தேன். என்னைவிட ஆறேழு வயது இளையவர். கருத்த, நெடிய உருவம். அவர் பேசினால் அக்கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். கை முழுக்கச் சாணத்தோடு தொழுவத்திலிருந்து வந்தார்.

"வாங்க சாமி, வாங்க! கும்பிடலாம்னா கை இப்படி இருக்கு. பசு கன்னு போட்டிருக்கு, பாக்கறீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். அவருக்கு வருத்தமாகப் போயிற்று. பிறகு போய்ப் பார்த்தேன். செவலைக் கன்று.

புரட்டாசி 11

இன்று தில்லைநாயகர் என்னை அழைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி வந்தார். கட்டளை, கட்டளை என்று மடத்தில் தினமும் சொல்கிறோம். இன்ன பூசைக்கு, இன்ன அன்னதானத்துக்கு என்று யாரோ எழுதிவைத்த நிலமும் அதன் காரியமும்தான் கட்டளை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஈரக் கோணி மாதிரி வாசனை அடிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"இந்த வயல் ராசா குடுத்தது. பெரிய பேரு, ஆனா மண்ணு சவுடு" என்றார். "அதோ மேட்டுல வாழைத்தோட்டம் தெரியுதே, அது நாகப்பட்டணத்துச் செட்டியாரம்மா எழுதிவச்சது. புருஷன் கப்பல்ல போனவர் திரும்பி வரல. நம்ம கோயில்ல ராத்திரி விளக்கு அவர் பேருல எரியுது. அந்தம்மா உசிரோட இருக்கிறவரைக்கும் தோட்டத்துல ஒரு மரம் பட்டுப்போகக் கூடாது சாமி."

தென்னந்தோப்பு, ஓடத்துறை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை வைத்திருக்கிறார். சந்தையில் வியாபாரிகள் பொதிக்கு ஒரு கைப்பிடி மடத்துக்கு மகமையாகப் போடுகிறார்கள். மிஞ்சுகிற தேங்காய் படகில் நாகப்பட்டணம் போய், உப்பாகத் திரும்பி வருகிறது.

"தேங்காய் விலை விசாரிப்பது துறவிக்குத் தகுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "நாம துறந்துட்டோம் சாமி. நம்ம வாசல்ல வந்து உக்கார்றவன் வயிறு துறக்கலையே."

சொல்நயம் இருக்கிறது. ஆனால் ஒரு பதிகம் முழுதாகச் சொல்லத் தெரியாது. பூசையில் ஐந்தாம் பாட்டோடு முணுமுணுப்பாகிவிடுகிறது.

புரட்டாசி 19

பாயெல்லாம் தவிடு. உடம்பு அரிக்கிறது. எழுதிவந்த உரை ஒரு வரி ஓடவில்லை.

ஐப்பசி 2

குறுவை அறுப்பு முடிந்து களத்தில் பங்கு பிரித்தார்கள். குடிகளுக்கு ஒரு பங்கு, மடத்துக்கு மேல்வாரம். தூற்றி முடித்த பிறகு களத்தோரம் சிந்திக் கிடந்த நெல் யாருக்கு என்று சச்சரவு வந்தது. சேரியிலிருந்து அறுப்புக்கு வந்தவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, சடைச்சி என்று பெயர், முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தில்லைநாயகர் எதிரில் வந்து நின்றாள்.

"சிந்துனது எங்க கையிலேர்ந்து சிந்துனது சாமி. அது எங்களுக்குத்தான்."

"யாரு இல்லேன்னா? ஆனா வேணும்னே சிந்தாதீங்க ஆத்தா. போன வருஷம் களத்தைவிட ஓரம் உசரமா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சடைச்சியும் சிரித்தாள். சிந்தியது முழுவதையும் வாரிக்கொண்டு போனார்கள். மடத்து நெல் இப்படித்தான் கரைகிறது. சந்நிதானத்துக்குச் சொல்லவேண்டியவற்றுள் இது ஒன்று.

மார்கழி குருபூசைக்கு என்று நல்ல நெல்லாகப் பொறுக்கித் தனிப் பத்தாயத்தில் கொட்டி, திருநீறு பூசி அடைத்தோம். எங்கள் ஆதி குரு சமாதியடைந்த நாளில் ஆயிரக்கணக்கான அடியார்களுக்குச் சோறாகப் போகிற நெல் அது. கார்த்திகையில் வண்டியேற்ற வேண்டும். பத்தாயத்தின் சாவி தில்லைநாயகரிடம்.

ஐப்பசி 16

செவலைக் கன்று என் ஏட்டின் ஓரத்தை மென்றுவிட்டது. தில்லைநாயகர், "ஞானக் கன்னு" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஐப்பசி 27

மழை.

கார்த்திகை 5

மழை விடாமல் பெய்து இன்று முற்பகலில் கரை உடைந்தது.

நான் பூசையில் இருந்தேன். யாரோ பெரிய துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஊரே கத்தியது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஆற்றங்கரை வண்டி போகிற அகலத்துக்கு வாய் பிளந்து, செம்மண் தண்ணீர் வயலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. சம்பா நட்டு வேர் பிடித்திருந்த நிலமத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. சேரி பள்ளத்தில் இருக்கிறது. கூரை மட்டும் தெரிந்தது.

தில்லைநாயகர் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு குழந்தையாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார். கரையேற்றியவர்களை மடத்துக் களஞ்சியத்துக்குப் போகச் சொன்னார். சேரிச் சனம் மடத்து வாசற்படி ஏறி நான் பார்த்ததில்லை. அவர்களும் ஏறத் தயங்கி மழையிலேயே நின்றார்கள். அவர் அங்கிருந்தே கத்தினார்: "நிக்காதீங்க! உள்ள போங்க! சிற்றம்பலத் தம்பிரான் இருக்கார், கதவைத் திறப்பார்!"

திறந்தேன்.

கார்த்திகை 6

மழை விட்டது. உடைப்பு அகலமாகியிருக்கிறது.

காலையில் சடைச்சியின் ஆட்கள் நனைந்த மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு நின்றார்கள். ஆற்றுக்குத் தெற்கே ஒரு மிராசுதார், வருகிறவர்களுக்கு நெல்லும் குடிசை போட இடமும் தருவதாக ஆள் விட்டிருக்கிறாராம். குடியானவர்களிலும் பலர் போகிற மனத்தில் இருந்தார்கள்.

தில்லைநாயகர் வழியை மறித்து நின்றார். "கரையை அடைச்சுட்டா பயிரு பொழைக்கும் ஆத்தா. தண்ணிக்குள்ள ஒரு வாரம் தாங்கும்."

"பயிரு தாங்கும் சாமி. புள்ளைங்க தாங்குமா? வீட்டுல இருந்த நெல்லு ஆத்தோட போச்சு. வெறும் வயித்துல மண்ணு சுமக்கச் சொல்றீங்களா?" சடைச்சியின் குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தில்லைநாயகர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

நான் அவர் பின்னாலேயே ஓடினேன். "தில்லைநாயகம், அது குருவின் நெல். சந்நிதானத்தின் உத்தரவு இல்லாமல் தொடக்கூடாது. ஆள் அனுப்பிக் கேட்போம்."

"ஆள் போய் வர்றதுக்குள்ள இவங்க ஆத்தைத் தாண்டிடுவாங்க."

"போனால் வேறு ஆட்கள் வருவார்கள்."

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பில்லாத அவர் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சாமி, ராசா குடுத்தது வெறும் மண்ணு. அதை நிலமாக்குனது இவங்க பாட்டன், பூட்டன். இவங்க போய்ட்டா நம்மகிட்ட ராசா குடுத்த மண்ணுதான் மிச்சம் இருக்கும்."

திருநீறு பூசிய பத்தாயத்தைத் திறந்தார். முதல் மரக்காலை அளக்கும்போது "குருவே" என்றார். களத்தில் பெரிய அண்டாவை ஏற்றிக் கஞ்சி வைத்தார்கள்.

சடைச்சி மூட்டையை இறக்கி வைத்தாள். மற்றவர்களும் இறக்கினார்கள்.

மேற்கண்டதைச் சந்நிதானத்துக்கு எழுதவேண்டியது என் கடமை. கை ஈரமாக இருப்பதால் நாளை எழுதலாம்.

கார்த்திகை 8

மூங்கிலும் தென்னங்கட்டையும் அடித்து இறக்கி, நடுவில் வைக்கோல் கட்டும் நாணல் கட்டும் திணித்து, மேலே களிமண் கொட்டுகிறார்கள். கொட்டுகிறதில் பாதியை ஆறு வாங்கிக்கொண்டு போகிறது.

நான் கரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். உட்கார்ந்த இடம் சரிந்தது. எழுந்து நின்றேன். நின்ற இடத்தில் கூடை கைமாற ஓர் ஆள் குறைவாக இருந்தது. அதனால்தான் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் வரை ஆள் யாரும் வரவில்லை.

கஞ்சியும் பச்சை மிளகாயும். இவ்வளவு ருசியான சாப்பாட்டை மடத்தில் சாப்பிட்டதாக நினைவில்லை. பசிதான் காரணம்.

கார்த்திகை 10

அடைத்துவிட்டோம்!

உச்சிவேளையில் கடைசி இடைவெளி இருந்தது. அதில் தண்ணீர் எல்லாப் பக்கத்துக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு பாய்ந்தது. போட்ட கட்டுகள் நிற்கவில்லை. தில்லைநாயகர் இறங்கிக் கட்டைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். சடைச்சியின் புருஷன் காத்தானும் இன்னும் நாலைந்து பேரும் பக்கத்தில் இறங்கினார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் கட்டுகளைத் திணித்தோம். அந்த நேரத்தில் அவர் பாடினார். மனிதருக்குப் பாட்டு ஐந்துக்கு மேல் தெரியாது. தெரிந்த ஐந்தையே திரும்பத் திரும்பப் பாடினார். கரையிலிருந்த நான் ஆறாம் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டார். ஏழு, எட்டு என்று நான் முன்னால் சொல்ல, அவர் தண்ணீருக்குள்ளிருந்து சொல்ல, தாளம் தெரிந்துகொண்டு எல்லோரும் அந்தத் தாளத்துக்கே மண் கொட்டினார்கள். பதிகம் முடியும் முன்னே தண்ணீர் நின்றது.

எத்தனையோ சபைகளில் பாடம் சொல்லியிருக்கிறேன்.

அவரைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, மூங்கில் ஒன்று தொடையைக் கிழித்திருந்தது. எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

கார்த்திகை 13

தில்லைநாயகருக்குக் கடுங்காய்ச்சல். புண் வீங்கியிருக்கிறது. வைத்தியர் பச்சிலை கட்டுகிறார். வயலில் தண்ணீர் வடிந்து நாற்றின் நுனி தெரிகிறது என்று காதில் சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை.

கார்த்திகை 15

காய்ச்சல் இறங்கவில்லை. சடைச்சி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். போ என்று யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை 17

குருபூசை வண்டிகள் வராததால் சந்நிதானமே பல்லக்கில் வந்துவிட்டார்.

நேராகக் களஞ்சியத்துக்குப் போனார். பத்தாயத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். அடியில் தூசி.

"குருபூசை நெல்லைத் திறந்து குடுத்தது யாரு?"

உள்ளறையில் தில்லைநாயகர் நினைவில்லாமல் முனகுவது கேட்டது.

"அடியேன்" என்றேன்.

"நீரா?"

"அடியேன்தான்."

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்நிதானம் வெளியே நடந்தார். கரை மேல் ஏறி, அடைத்த இடத்தைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். களத்தில் குழந்தைகள் கஞ்சிக்கு வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார்.

"சிற்றம்பலம், நீர் குடுத்திருக்க மாட்டீர். என்னைக் கேட்க ஆள் அனுப்பியிருப்பீர். பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பீர். அதுக்குள்ள கரையும் போயிருக்கும், சனமும் போயிருக்கும்."

நான் தலை குனிந்து நின்றேன்.

"பொய் சொன்னது தப்பு. ஆனா இன்னொருத்தருக்காக நீர் பொய் சொல்வீர்னு எனக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்துச்சு."

கோபமா, வேறேதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய்த் தில்லைநாயகரின் நெற்றியில் அவர் திருநீறு பூசிவிட்டபோது நான் அங்கே நிற்கவில்லை. எனக்குத் தொழுவத்தில் வேலை இருந்தது.

கார்த்திகை 20

தில்லைநாயகர் கண் திறந்தார். முதலில் கேட்டது: "குருபூசைக்கு என்ன வழி பண்ணினீங்க?"

வழியில்லை என்றேன்.

"இருக்கு" என்றார், எழ முடியாமலே. "வாழைத்தோட்டம் மேட்டுல இருக்கு, தண்ணி ஏறல. காயும் இலையும் ஆச்சு. கிழங்கு தோண்டுங்க. தோப்புல தேங்காய் இருக்கு, படகுல போட்டு அனுப்பி அரிசியா மாத்துங்க. சந்தையில மகமை வசூலிக்கிற ஆளு கரை வேலையில கையை ஒடைச்சுக்கிட்டான். வேற யாராவது போகணும்."

வேறு யாராவது என்றால் யார்? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை 24

சந்தை வாயிலில் கூடையோடு நின்றேன்.

என்னிடம் பாடம் கேட்ட யாராவது வந்துவிடுவார்களோ என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அரிசிப் பொதியோடு வந்த ஒருவன் கைப்பிடி போட்டான். மிளகு வியாபாரி போட்டான். உப்புக்காரப் பெண் ஒருத்தி, உப்பை அரிசிக் கூடையில் போடலாமா என்று யோசித்து, முந்தானையை அவிழ்த்துத் தன் சமையலுக்கு வைத்திருந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டாள். "மருதங்கோட்டத்துல கஞ்சி ஊத்துனாங்களாமே, அந்த மடந்தானே?" என்று கேட்டாள். ஆம் என்றேன். இன்னொரு பிடி போட்டாள்.

இருபது வருஷம் இந்தச் சோற்றைத் தின்றிருக்கிறேன். கூடை நிறைய நிறையத் தோள் வலித்தது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

மார்கழி 14

குருபூசை மடத்தில் நடந்து முடிந்தது. நாங்கள் இருவரும் போகவில்லை. தில்லைநாயகர் நடக்க முடியாது, நான் துணைக்கு. திரும்பி வந்த வண்டிக்காரன் சொன்னான்: இலையில் இந்த வருஷம் வாழைக்காயும் கிழங்கும்தான் விசேஷமாம். ஒரு அடியாரும் பசியோடு எழுந்திருக்கவில்லையாம். இளையபட்டம் பற்றி ஒன்றும் அறிவிக்கவில்லையாம்.

நான் அதை விசாரிக்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

மார்கழி 22

தில்லைநாயகர் கோலூன்றி வரப்பு வரைக்கும் நடந்தார். கதிர் வாங்கியிருக்கிறது. அவர் அழுததை நான் பார்த்தேன். என் கண்ணில் வெயில்.

தை 12

அறுப்பு. முழு விளைச்சல் இல்லை. ஆனாலும் மடத்துக்கு அனுப்ப இருக்கிறது, குடிகள் வீட்டுக்கு இருக்கிறது, விதைக்கு இருக்கிறது. களத்தோரம் சிந்தியது கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது. நானும் பார்க்கவில்லை, தில்லைநாயகரும் பார்க்கவில்லை.

தை 15

நெல்லேற்ற வந்த வண்டிகளோடு மடத்திலிருந்து ஓலை வந்தது. களத்தில் எல்லோர் முன்னும் நான்தான் படித்தேன். தில்லைநாயகத் தம்பிரானுக்கு இளையபட்டம் கட்டச் சந்நிதானம் திருவுளம் கொண்டிருக்கிறார். அவர் இந்த வண்டிகளுடனே புறப்பட்டு வரவேண்டியது. மருதங்கோட்டத்துக் கட்டளை இனிச் சிற்றம்பலத் தம்பிரான் பொறுப்பு.

ஓலையை மடித்தேன். குரல் பிசகவில்லை.

"யாருக்கு?" என்றார் தில்லைநாயகர். "எனக்கா? சரியாப் பாருங்க சாமி, உங்க பேரா இருக்கும்."

"சரியாகத்தான் பார்த்தேன்."

"எனக்குப் பதிகமே முழுசா வராது! ஊர் உலகம் சிரிக்கும். நீங்க இருக்கிற இடத்துல நான் எப்படி உக்கார்றது? மாட்டேன். கன்னுக்குட்டி இருக்கு, வாய்க்கால் தூர் வாரணும், வாழைக்கு மண்ணு அணைக்கணும்…" பேசிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டு, குழந்தை மாதிரி முகத்தை மூடிக்கொண்டார்.

இளையபட்டத்துக்கு உரியவரைத் தம்பிரான்கள் விழுந்து வணங்குவது மடத்து மரபு. மூத்தவர், இளையவர் என்று அதில் கிடையாது. அந்தக் களத்தில் நான் ஒருவன்தான் தம்பிரான். வைக்கோலும் பதருமாகக் கிடந்த தரையில் விழுந்தேன்.

அவர் பதறி நொண்டிக் காலோடு பின்னால் போனார். "ஐயோ, எழுந்திருங்க சாமி! என்ன இது! உங்க காலை நான்…"

"நில்லும்" என்றேன், தரையிலிருந்தே. "அசையாமல் நில்லும். இதை நான் உத்தரவுக்காகச் செய்யவில்லை."

நின்றார். எழுந்தபோது என் முகமெல்லாம் பதர் ஒட்டியிருந்தது. அவர் துண்டால் துடைத்துவிட்டார். பதர் பட்டால் கண்ணில் நீர் வருவது இயற்கை.

தை 16

காலையில் வண்டிகள் புறப்பட்டன. நெல் மூட்டைகளின் மேல் அவரை உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்று மாட்டின் பக்கத்தில் நடந்தார். வளைவு திரும்பும் வரை கத்திக்கொண்டே போனார்: கீழை மடைக்குப் புதுப் பலகை போடவேண்டும், செட்டியாரம்மாவுக்கு முதல் வாழைத்தாறு அனுப்பவேண்டும், சடைச்சி சொல்வதைக் கேட்கவேண்டும், ஆனால் முழுவதும் கேட்கக்கூடாது. வளைவுக்கு அப்புறமும் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

களத்தில் சனம் கலையாமல் நின்றது. சடைச்சி என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே எங்களுக்கு யாரு சாமி?"

"நான்தான்."

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"சரி. மேகம் கறுக்குது, வைக்கோப்போரு மூடல. வேட்டிய மடிச்சுக் கட்டுங்க."

மடித்துக் கட்டினேன்.